முதல் கீபோர்டு எழில்மொழி

நாற்பத்து மூன்று பேர். ஒரத்தநாட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எழில்மொழியைக் கேட்டுவிட்டுக் கீபோர்டு வாங்கியவர்களின் எண்ணிக்கை இது. இதை எண்ணி வைத்திருப்பவர் எழில்மொழி இல்லை, அவருடைய கணவர் இனியவன். நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். மனைவியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் இந்த எண்ணைத்தான் சொல்கிறார். எழில்மொழி பக்கத்தில் இருந்தால், "நாப்பத்தி ரெண்டுங்க. ஒருத்தரு திருப்பிக் குடுத்துட்டாரு" என்று திருத்துகிறார். "வாங்கினாருல்ல? அப்ப கணக்குதான்" என்கிறார் இனியவன்.

எழில்மொழிக்கு முப்பத்தாறு வயது. ஒரத்தநாட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, வாய்க்கால் கரையை ஒட்டிய தெருவில் வீடு. கோயில் திருவிழா, திருமண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா என்று மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறார். மேடை இல்லாத நாட்களில் வீட்டின் பின்னறையில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கிறார். இந்த இரண்டு வேலைக்கும் இடையில், எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது பாப்பாநாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மகளுக்குக் கீபோர்டு வாங்க வேண்டும். எண்பத்தெட்டு கீ உள்ளதாக, பெரியதாக.

"என்ன வண்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் எழில்மொழி.

அவர் முழித்தார். "கீபோர்டு விஷயமா வந்தேங்க."

"அதுக்குத்தான் கேக்குறேன். என்ன வண்டி?"

"ஸ்கூட்டி."

"எம்பத்தெட்டு கீன்னா நாலரை அடி நீளம் வரும். ஸ்கூட்டியில குறுக்க வச்சா எதுக்க வர்ற பஸ்ஸ மறிக்கும். நெட்டுக்க வச்சா பாப்பா எங்க உக்காரும்?"

"நீளமா இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க."

"நல்லதுதான். கட்டிலுக்கு."

வந்தவரே சிரித்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து, அறுபத்தொரு கீ உள்ள ஒரு மாடலின் பெயரையும் தோளில் மாட்டும் பையின் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினார். அவர்தான் நாற்பத்து மூன்றாமவர்.

எழில்மொழி யாரிடமும் எவ்வளவுக்கு வாங்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பதில்லை. எதில் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று கேட்கிறார். மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்குப் பின்னால் பல வருட மேடை இருக்கிறது. திருவிழா மேடையில் மின்சாரம் போகும், ஜெனரேட்டர் ஓடும், மறுபடி மின்சாரம் வரும். சில கீபோர்டுகள் எட்டு நொடியில் எழுந்துவிடும். சில பெரிய கீபோர்டுகள் கம்பெனிப் பெயரைக் காட்டிக்கொண்டு ஒன்றரை நிமிடம் படுத்திருக்கும். ஒன்றரை நிமிடம் என்பது கூட்டம் விசிலடிக்கத் தொடங்கி, பிறகு எழுந்து போகத் தொடங்கும் நேரம். தஞ்சாவூர்க் கடைகளில் எழில்மொழி எந்தக் கீபோர்டையும் வாசித்துப் பார்ப்பதற்கு முன்னால் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "அம்மா வாட்ச எடுத்துட்டாங்கப்பா" என்று கடைப் பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. கூட யார் வாசிக்கப் போகிறார்கள்?

மற்றவர்களுக்கு இவ்வளவு கேட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர், தன்னுடைய கீபோர்டைத் தானே தேர்ந்தெடுக்கவில்லை. அது குவைத்திலிருந்து வந்து இறங்கியது. பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த இடத்தை அது அவரிடமிருந்து ஒரே மாலையில் பறித்தது.

அந்த இடம் என்னவென்று சொல்ல வேண்டும். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்கள் இரண்டு பேர். பாட்டின் முன்னிசை, இடையிசை, மக்கள் வாய்க்குள் முணுமுணுக்கும் மெட்டுத் துண்டுகள் எல்லாம் முதல் கீபோர்டுக்காரரின் கையில். இரண்டாம் கீபோர்டு பின்னால் நின்று, வயலின் கூட்டம் போல ஒரு திரையை விரித்துக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் தெரியும்; இருந்தால் தெரியாது. தஞ்சாவூரில் அப்துல் வஹாப் நடத்தும் இசைக்குழுவில் எழில்மொழி பதினோரு வருடம் இரண்டாம் கீபோர்டு.

அவர் முறையாக யாரிடமும் கற்றவர் இல்லை. மன்னார்குடியில் கணிதம் படித்தபோது கல்லூரியின் கலைவிழா அறையில் ஒரு பழைய கீபோர்டு கிடந்தது. அதில் ஐந்து கீ வேலை செய்யாது. அந்த ஐந்தையும் தொடாமல் பாட்டுகளை வாசிக்கப் பழகினார். அதற்காக ஒவ்வொரு பாட்டையும் வேறு வேறு சுருதிக்கு மாற்றிப் பார்த்தார். பிறகு நல்ல கீபோர்டு கைக்கு வந்தபோது எந்தச் சுருதியில் எந்தப் பாட்டைக் கேட்டாலும் வாசிக்க முடிந்தது. வஹாப் அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டது அதற்காகத்தான். "பாடறவங்களுக்குத் தொண்ட கட்டிருச்சுன்னா அரைக் கட்டை எறக்கி வாசிக்க ஆள் வேணும். இந்தப் பொண்ணு கண்ண மூடிக்கிட்டு எறக்குது" என்று அப்போது சொன்னாராம்.

போன ஆவணி மாதம், குழுவின் முதல் கீபோர்டுக்காரர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். கீபோர்டு அவருடையது, அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

"இனிமே நீதான் எழிலு" என்றார் வஹாப். "ஆனா சொந்தமா நல்ல கீபோர்டு வேணும். குழுவுல கெடக்குற அந்தப் பழச வச்சு முன்னால நிக்க முடியாது."

எழில்மொழி கடைகடையாக ஏறி இறங்கத் தொடங்கினார். அதற்குள் தம்பி தமிழரசன் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தார். கிரேன் ஓட்டுகிறவர். அக்காவுக்கு முதல் கீபோர்டு கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு, தன் துணிமணிகளை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியின் எடைக்குப் பதிலாக ஒரு கீபோர்டைக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, அங்க கல்யாணத்துல எல்லாம் இததான் வாசிக்கிறாங்க. செம சத்தம்."

எட்டரைக் கிலோ. நல்ல ஒலி. ஒன்பது நொடியில் எழுந்தது. கீகளுக்கு மேலே, ஓரமாக, பன்னிரண்டு சின்னப் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு. அரபு இசைக்கு வேண்டிய ஏதோ என்று புரிந்தது. நம் பாட்டுக்கு அது தேவைப்படாது என்று விட்டுவிட்டார். தம்பி ஆசையாகக் கொண்டுவந்ததைக் கேள்வி கேட்க மனம் வரவில்லை. "ஊருக்கெல்லாம் மூணு கேள்வி கேட்டேன். எனக்கு ஒண்ணும் கேட்டுக்கல" என்கிறார் இப்போது.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. எழில்மொழியின் அம்மா தங்கம்மாள் அந்த வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பவர். அரிவாள், மண்வெட்டி, மிக்சி, இனியவனின் அறுவடை இயந்திரம், கடைசியில் புதிய கீபோர்டு. பூஜை நேரத்தில் தம்புரா போல ஒரு நாதம் ஓடட்டும் என்று எழில்மொழி அதை இயக்கி வைத்திருந்தார். தங்கம்மாள் இரண்டு ஓரத்தில் இரண்டு பொட்டும், அந்தச் சின்னப் பொத்தான் வரிசையில் நட்டநடுவே ஒரு பெரிய பொட்டும் வைத்தார். பூஜையில் வைத்த பொட்டை அந்த வீட்டில் யாரும் துடைக்க மாட்டார்கள். தானாக உதிர வேண்டும்.

ஒரு வாரம் கழித்து நாகப்பட்டினத்தில் ஒரு திருமண வரவேற்பு. எழில்மொழி முதல் கீபோர்டாக நின்ற முதல் மேடை. பொட்டு இன்னும் உதிரவில்லை. முதல் மூன்று பாட்டும் நன்றாகப் போயின. நான்காவது பாட்டின் முன்னிசையில், நீளமாக நிற்க வேண்டிய ஒரு சுரம் பல்லில் மணல் கடிபட்டது போலக் கேட்டது. பாட வந்த பெண் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பேஸ் கிதார் வாசிப்பவர் தன் கிதாரைச் சந்தேகப்பட்டு முறுக்காணியைத் திருகினார். அதனால் அதுவும் கெட்டது. ஐந்தாவது பாட்டு சரி. ஆறாவது மறுபடி கெட்டது. பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறுவதால், அந்த ஒரு சுரம் எந்தப் பாட்டில் வந்து குறுக்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. முன் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் எழுந்து, "ரெண்டு பாட்டு வாசிக்காம இருந்து சாப்பிட்டு வாங்கம்மா" என்று உரக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது.

வேனில் திரும்பும்போது வஹாப் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அரபு நாட்டுச் சரக்கு, அரபு நாட்டுச் சுதிதாம்மா குடுக்கும். தப்பு உன் மேல இல்ல."

"என்னன்னு பாத்துடுறேன் பாய். ரெண்டு நாள் குடுங்க."

"அடுத்த கச்சேரி நாளன்னைக்கு. நான் திருச்சியில கீபோர்டு வாசிக்கிற பரிதியக் கூப்பிட்டுட்டேன். நீ பழைய எடத்துக்கே வந்துடு எழிலு. மாசித் திருவிழா வரைக்கும் அவரு பாக்கட்டும். அதுக்கப்புறம் யாரு முதல்னு முடிவு பண்ணிடுவோம்."

முடிவு பண்ணிவிட்டார் என்றுதான் எழில்மொழி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கீபோர்டைத் தூக்கி மேசையில் வைத்தபோது நடுப்பொட்டு காய்ந்து உதிர்ந்தது. அதற்கடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு விளக்குகளில் அது ஒன்று மட்டும்.

"அம்மா! இந்தப் பொட்ட எப்படி வச்சீங்க?"

"எப்படி வைப்பாங்க? அழுத்தித்தான். அழுத்தலன்னா பிளாஸ்டிக்குல ஒட்டுமா?"

கீபோர்டு ஓடிக்கொண்டிருந்தபோது தங்கம்மாள் அழுத்திய அழுத்தில் அந்தப் பொத்தான் வேலையைத் தொடங்கியிருந்தது. அரபு இசையில் நம் காதுக்குப் பழகாத, இரண்டு கீக்கு நடுவிலான சுரங்கள் உண்டு. அந்தப் பொத்தானை அழுத்தினால் அதற்குரிய சுரம் மட்டும் பாதிப் படி கீழே இறங்கும். அணைத்துப் போட்டாலும் கடைசியாக இருந்த நிலையை மறக்காத மாடல். விளக்கை மட்டும் சந்தனம் மறைத்துவிட்டது.

எழில்மொழி உடனே வஹாபுக்குப் போன் செய்தார்.

"பாய், கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. அம்மா வச்ச பொட்டு ஒரு பொத்தான அமுக்கிடுச்சு."

மறுமுனையில் வஹாப் வெகுநேரம் சிரித்தார். "பதினஞ்சு வருசமா குழு நடத்துறேன். கரண்டு மேல பழி போட்டிருக்காங்க, மைக் செட்டுக்காரன் மேல போட்டிருக்காங்க. பொட்டு மேல யாரும் போட்டதில்ல. போன வைம்மா. பரிதிக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

பொத்தானை அணைத்துவிட்டு மறந்திருக்கலாம். எழில்மொழி அணைக்கவில்லை. போட்டுக் கேட்டார், எடுத்துக் கேட்டார். கீபோர்டோடு வந்த புத்தகத்தின் ஆங்கிலப் பகுதியை ஐப்பசி மழையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

அவருடைய ஒலிப்பதிவு அறையைப் பார்த்தவர்கள் முதலில் அது நெல் கிடங்கு என்றுதான் நினைப்பார்கள். இரண்டு சுவருக்கும் உயரமாகச் சாக்கு மூட்டைகள். எதிரொலியை அவை விழுங்கிக்கொள்ளும். ஒருமுறை மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றி அனுப்பிய மறுநாள் பதிவு செய்ய உட்கார்ந்தால், அறை கிணறு மாதிரி முழங்கியது. அதிலிருந்து இனியவன் பழைய சாக்குகளில் பதரை அடைத்துத் தைத்து நிரந்தரமாக அடுக்கிவிட்டார். மைக் விஷயத்திலும் இப்படித்தான். எல்லோரும் சொன்ன விலை கூடிய மைக்கை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தார். அது பாட்டையும் பதிந்தது. வயலில் இருக்கும் அத்தனை தவளையையும் பதிந்தது. "அந்த மைக் எல்லாரையும் கேக்கும். எனக்குப் பாடறவங்கள மட்டும் கேட்டாப் போதும்" என்று, வாய்க்கு அருகில் பிடித்தால் மட்டும் கேட்கும் சாதாரண மேடை மைக் ஒன்றை வாங்கிவைத்திருக்கிறார். இருபது ஊர்க் கோயில் பாட்டுகள் அதில்தான் பதிவாகியிருக்கின்றன.

கார்த்திகையில் அந்த அறைக்கு ராஜராஜன் வந்தார். அந்த வட்டாரக் கோயில்களில் நாகஸ்வரம் வாசிப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கும்பாபிஷேக அழைப்புக்காகக் கம்பீரநாட்டை ராகத்தில் ஒரு மல்லாரி பதிவு செய்ய வேண்டும். சுவாமி புறப்பாட்டின்போது வாசிப்பது. பின்னணிக்குக் கீபோர்டு. இரண்டு முறை வாசித்துவிட்டு அவர் நிறுத்தினார்.

"ம்மா, உங்க கீபோர்டுல காந்தாரம் தூக்கலா இருக்கு."

இதை எழில்மொழி பல மேடைகளில் கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் நாகஸ்வரம்தான் சரியில்லை என்று குழுவில் எல்லோரும் சொல்வார்கள். இந்த முறை அவர் கை காந்தாரத்துக்குரிய சின்னப் பொத்தானுக்குப் போனது.

"இப்ப பாருங்கண்ணே."

"அய்யய்யோ. குழிக்குள்ள விழுந்துடுச்சு."

பாதிப் படி இறக்கம் அதிகம். எவ்வளவு இறக்குவது என்பதை எண்ணாக மாற்ற முடியும் என்று புத்தகத்தில் படித்திருந்தார். ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு நூறு என்று கணக்கு; பாதிப் படியான ஐம்பதிலிருந்து குறைத்துக்கொண்டே வந்தார். நாற்பது. முப்பது. இருபத்தைந்து. ராஜராஜன் ஒவ்வொரு எண்ணுக்கும் காந்தாரத்தை நீட்டி நிறுத்திக் கேட்டார். பதினாறில், சீவாளியை வாயிலிருந்து எடுக்காமலேயே கையை உயர்த்தினார். நிஷாதத்தையும் அதேபோலப் பிடித்தார்கள். பிறகு மல்லாரியை முழுதாக வாசித்து முடித்துவிட்டு, "இப்ப ஒக்காந்துடுச்சும்மா" என்றார். நாகஸ்வரம் இறங்கவில்லை, கீபோர்டுதான் அத்தனை நாளும் ஏறி நின்றிருக்கிறது என்று எழில்மொழிக்கு அன்றுதான் நிச்சயமாயிற்று. அந்த எண்களைக் கீபோர்டின் நினைவில் சேமித்துவைத்தார்.

இதற்குள் வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கொண்டுவந்ததை வேண்டுமானால் விற்றுவிடு, பரிதி வைத்திருப்பதைப் போலவே பெரியது ஒன்று வாங்கு என்று குவைத்திலிருந்து தமிழரசன் தினமும் போன் செய்தார். இனியவனும் அதையே சொன்னார். மார்கழியில் ஒருநாள் கணவனும் மனைவியும் தஞ்சாவூர்க் கடைக்குப் போனார்கள். பரிதியுடைய அதே மாடல் அங்கே இருந்தது. எழில்மொழி ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தார்.

"பியானோ சத்தம் அருமையா இருக்கு. அதுல பொய் சொல்ல முடியாது" என்றார்.

"அப்ப வாங்கிடுவோம்."

"பதினேழு கிலோ. எதுல தூக்கிட்டுப் போறது?"

"வேன்ல போவும். நான் தூக்குறேன்."

"கரண்டு போனா?"

"காத்திருப்பாங்க."

"கூட யாரு வாசிக்கிறாங்க?"

மாசித் திருவிழாவில் நாகஸ்வரமும் குழுவும் சேர்ந்து தொடங்க வேண்டும் என்று கோயில் கமிட்டி கேட்டிருப்பது இனியவனுக்கும் தெரியும். எழில்மொழி அந்தப் பெரிய கீபோர்டின் எல்லாப் பக்கங்களையும் தேடினார். தனித்தனிச் சுரத்தை இறக்கும் வசதி அதில் எங்கோ ஆழத்தில் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். அவரும் தேடிவிட்டு, கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றார். எழில்மொழி சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்தார். அந்த நாளில்தான் அவர் தன் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தார். வீட்டில் மூன்று மாதமாக இருந்த அதே கீபோர்டு.

மாசித் திருவிழா அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்து மாரியம்மன் கோயிலில். மாலை நான்கு மணிக்கு மேடையில் ஒலி சரிபார்த்தார்கள். ராஜராஜன் காலையில் கும்பகோணத்தில் ஒரு முகூர்த்தம் முடித்து நேரே வந்திருந்தார். முன்னால் பரிதி, பின்னால் எழில்மொழி. பரிதி கெட்டிக்காரர். நாகஸ்வரத்தைக் கேட்டுவிட்டுத் தன் கீபோர்டின் மொத்தச் சுருதியையும் அரை நிமிடத்தில் அதோடு சேர்த்தார். மல்லாரி தொடங்கியது. காந்தாரம் வந்ததும் உறுத்தியது. மொத்தத்தையும் கொஞ்சம் இறக்கினார். காந்தாரம் சேர்ந்தது, அடிப்படைச் சுரமான ஷட்ஜமம் விலகியது. ஏற்றினார், ஷட்ஜமம் சேர்ந்தது, காந்தாரம் விலகியது.

"எங்கயோ ஒதைக்குதே" என்றார் மிக்சருக்கு முன்னால் நின்ற வஹாப்.

"நாகஸ்வரம்தான் லேசா எறங்குது போலருக்கு சார்" என்றார் பரிதி, மெதுவாக.

ராஜராஜன் வாசிப்பதை நிறுத்தினார். "தம்பி, இது எறங்கல. இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. உங்க மெஷின்தான் மாடி ஏறி நிக்குது."

அதற்குள் எழில்மொழி, கார்த்திகையில் சேமித்த எண்களைத் தன் கீபோர்டில் வரவழைத்துவிட்டிருந்தார்.

"பாய், ஒருவாட்டி நான் பாக்குறேன்."

"நீயா? அந்த மெஷின வச்சா? சாமி பொறப்பாடும்மா. நாகப்பட்டினம் மாதிரி ஆச்சுன்னா ஊரே சேந்து அடிக்கும்."

"எங்க ஊருதானே பாய். என்னையத்தான் அடிப்பாங்க. நீங்க வேன்ல ஏறிடுங்க."

டிரம் பேட் வாசிப்பவர் சிரித்தார். வஹாப் சிரிக்கவில்லை, வாசி என்று கையை மட்டும் அசைத்தார். ராஜராஜன் சீவாளியை நனைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். மல்லாரி முதல் சுற்று போனது. காந்தாரத்தில் நாகஸ்வரம் நீண்டு நின்றது. கீபோர்டு அதற்கடியில் போய் நின்றது. உறுத்தல் இல்லை. ராஜராஜன் அந்தச் சுரத்தை விடாமல் இன்னும் நீட்டினார். சோதிக்கிறார் என்று மேடையில் எல்லோருக்கும் தெரிந்தது. நிஷாதத்துக்குப் போனார், அங்கேயும் நின்றார். தவில்காரர் இரண்டாவது சுற்றைக் கேட்காமலே தொடங்கிவிட்டார். பரிதி தன் கீபோர்டின் ஒலியைத் தானே குறைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

முடிந்ததும் வஹாப் மேடைக்கு ஏறினார். குனிந்து, முன்னால் இருந்த கீபோர்டின் கேபிளைப் பிடுங்கி, எழில்மொழியின் கீபோர்டில் செருகினார். பிறகு அதை ஸ்டாண்டோடு தூக்கி முன்னால் வைத்தார்.

"அக்கா, அது என்ன செட்டிங்?" என்று கேட்டார் பரிதி.

"சொல்லித் தர்றேன். நீங்க ரெண்டாவதுல அந்தப் பியானோவ மட்டும் எனக்குக் குடுங்க. அது உங்களோடதுதான் நல்லாருக்கு."

ஏழு மணிக்கு விளக்குகள் எரிந்தபோது திடல் நிறைந்திருந்தது. பிள்ளைகள் தரையில், பெண்கள் நாற்காலியில், இளவட்டங்கள் டிராக்டர் டிரெய்லர்களின் மேல். கூட்டத்தின் முன்னால், மேடையை ஒட்டி, எழில்மொழியின் அப்பா வீரையன் நின்றிருந்தார். இப்போது மூன்று ஏக்கர் குத்தகை எடுத்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறவர். இளம் வயதில் பண்ணை வேலைக்குப் போனவர். இதே திருவிழாவுக்கு இருபது வருடம் மேடைக்குக் கம்பு நட்டவர். நட்டு முடித்ததும் அந்தக் காலத்தில் அவரைப் போன்றவர்கள் கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட வேண்டும்.

மல்லாரி முடிந்ததும் வஹாப் வழக்கம்போல மைக்கைப் பிடித்து வாத்தியக்காரர்களின் பெயரைச் சொன்னார். நாகஸ்வரம், தவில், பேட், கிதார். பிறகு கொஞ்சம் நிறுத்தினார்.

"முதல் கீபோர்டு, உங்க ஊர்ப் பொண்ணு, வீரையன் மக எழில்மொழி!"

டிரெய்லர்களின் மேலிருந்து விசில் பறந்தது. வீரையனுக்குப் பக்கத்தில் நின்றவர் திரும்பி, "உன் மவளாய்யா?" என்று கேட்டார்.

"ஆமா, எம்மவதான். கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்காத."

இந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்த ஒரு பெண் இந்தத் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுவின் முன் வரிசையில் கீபோர்டோடு நின்றது அன்றுதான் முதல் முறை என்று கமிட்டிக்காரர்கள் சொல்கிறார்கள். எழில்மொழியிடம் இதைக் கேட்டால், அன்றைக்கு இரண்டு முறை மின்சாரம் போனதையும், இரண்டு முறையும் ஒன்பது நொடியில் தன் கீபோர்டு எழுந்ததையும் சொல்கிறார். அந்தப் பெருமை அவர் முகத்தில் நன்றாகவே தெரிகிறது. மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

அடுத்த வாரம் வஹாப் வருடம் முழுவதற்கும் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளின் பட்டியலை அனுப்பினார். முதல் கீபோர்டு என்று போட்டு எதிரே எழில்மொழியின் பெயர் இருந்தது. பரிதி இரண்டாம் கீபோர்டாகத் தொடர்கிறார். வரும் சனிக்கிழமை பூம்புகாரில் கச்சேரி. வேன் தஞ்சாவூரிலிருந்து பிற்பகல் ஒரு மணிக்குக் கிளம்புகிறது.